மஜ்ஜை கொடுத்தவர்

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளமும் காப்பிப்பொடியும் விற்கிற கடைக்கு மேலே சியாமளாவின் அலுவலகம் இருந்தது. அங்கே படியேறி வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்ணைப் பெற்றவர்கள். பார்த்திருக்கிற மாப்பிள்ளை குடிப்பானா, சொன்ன இடத்தில்தான் வேலை பார்க்கிறானா, வேறெங்காவது ஒரு குடித்தனம் இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்ல வேண்டும். விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்று அவளிடம் வேலைக்குச் சேர்ந்த ஜெயசீலனுக்கு இந்த மாப்பிள்ளைகளைப் பின்தொடர்ந்து அலுத்துவிட்டது. உருப்படியாக ஒரு கேஸ் வராதா என்று தினமும் ஏங்கினான். 1999 நவம்பர் கடைசியில் வைத்தி வந்தபோது, அது வந்துவிட்டது என்றுதான் நினைத்தான். அந்த நினைப்புக்காகப் பிற்பாடு வெட்கப்பட்டான்.

வைத்தி என்கிற வைத்தியநாதன் அண்டர் செக்ரட்டரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ஜலஜா போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டாள். மூத்த பிள்ளை சுந்தரேஷுக்கு கிட்வாய் நகரில் ஒதுக்கியிருந்த அரசாங்க வீட்டில், அவனோடும் இளையவன் அஷ்வத்தோடும் இருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"என் சின்னப் பிள்ளையைக் கண்டுபிடிக்கணும். கண்டுபிடிச்சா மட்டும் போறாது. கழுத்தைப் பிடிச்சு இழுத்துண்டு வரணும்" என்றார்.

கதையை அவர் கோர்வையாகச் சொல்லவில்லை. சியாமளா கேட்டுக் கேட்டு வாங்கினாள். சுந்தரேஷுக்கு ரத்தப் புற்றுநோய். இரண்டு வருஷத்துக்கு முன்னால் டாக்டர்கள் அவனுடைய எலும்பு மஜ்ஜையை மருந்தால் முழுக்க அழித்துவிட்டு, கூடப் பிறந்தவருடைய மஜ்ஜையை ரத்தம் ஏற்றுவதுபோல ஏற்றினார்கள். அது அவன் உடம்பில் பிடித்துக்கொண்டது. அவன் எழுந்து நடமாடி, ஆபீசுக்கும் போக ஆரம்பித்தான். இந்த செப்டம்பரில் ரத்தப் பரிசோதனையில் பழைய நோய் மறுபடி தலைகாட்டியிருந்தது. மனம் தளர வேண்டாம், அன்றைக்கு மஜ்ஜை கொடுத்த அதே ஆளின் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களை எடுத்து ஏற்றினால் இந்த வகை நோய் பெரும்பாலும் அடங்கும், ஆனால் தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார்.

"அன்னிக்கு அஷ்வத் ஒரு வார்த்தை பேசாமக் குடுத்தான். இன்னிக்கு வெறும் ரத்தம்தான் கேக்கறா. 'நான் பாத்துக்கறேன், நான் பாத்துக்கறேன்'னே ரெண்டு மாசம் ஓட்டிட்டான். ஒரு நாள் கார்த்தால பையைத் தூக்கிண்டு கிளம்பினவன்தான். எங்கேன்னு சொல்லலை. ஆபீஸ்ல லீவாம்."

மஜ்ஜை கொடுத்த அன்று என்ன நடந்தது என்று சியாமளா கேட்டாள். வைத்தி பக்கத்தில் இல்லை. ஜலஜாதான், நீங்கள் சுந்தரேஷ் பக்கத்தில் இருங்கள், அஷ்வத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எல்லாப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டாளாம். "முதுகுத்தண்டுல ஊசியைப் போட்டு எடுத்தாளாம், அவனே சொன்னான். பயலுக்கு என்ன தைரியம் பாருங்கோ, சாயங்காலமே ஆத்துக்கு வந்து தரையில சம்மணம் போட்டுண்டு என்னோட மேட்ச் பாத்தான்." அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் பெருமை எட்டிப் பார்த்தது. உடனே சுருங்கியது. "அப்பேர்ப்பட்டவன். இப்ப ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே எனக்கு வெக்கமா இருக்கு. வார்டு சிஸ்டர் என்னைக் கண்டாலே, 'டோனர் கப் ஆயேகி அங்கிள்ஜி, கப் ஆயேகி'ன்னு கேக்கறா. எப்ப வருவான்னு நான் என்னத்தைச் சொல்ல?"

"அந்த சிஸ்டர் எந்த ஊர்க்காரங்க சார்? மலையாளியா?"

"இல்லை. டேராடூன் பக்கம்."

இதை எதற்குக் கேட்கிறாள் என்று ஜெயசீலனுக்குப் புரியவில்லை. அவன் குறிப்புப் புத்தகத்தில்கூட அதை எழுதவில்லை.

குழந்தைகள் இந்த இரண்டு பேர்தானா என்று அவள் கேட்டபோது வைத்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே கடைக்காரன் யாருக்கோ தேங்காய் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு பெண் இருந்தாள் என்றார். இருந்தாள் என்றுதான் சொன்னார். சுபாஷிணி என்று பெயர். ஆல்பர்ட் என்று ஒருவனை, லோதி ரோட்டில் ஒரு மின்சாரக் கம்பெனியில் எஞ்சினியர், பதிவுத் திருமணம் செய்துகொண்டு போய்விட்டாள். அவள் கையால் பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். வீட்டில் அவள் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

"அதுக்கப்புறம் பார்க்கவே இல்லையா?"

"ஒரு தடவை. சுந்தரேஷுக்கு மஜ்ஜை ஏத்தின மறுநாள், ஆஸ்பத்திரிப் படியில. அந்த ஆல்பர்ட் தோளைப் பிடிச்சுண்டு, இன்னொரு கையால சுவத்தைப் பிடிச்சுண்டு, கிழவி மாதிரி ஒவ்வொரு படியா இறங்கிண்டிருந்தா. அண்ணா இருக்கானா போயிட்டானான்னு பாக்க வந்தியான்னு கேட்டேன். பதில் சொல்லலை. இனிமே இவளை உள்ளே விடாதேன்னு கேட் காவல்காரன்கிட்டயும் சொல்லிட்டு வந்தேன்."

அவர் குல்லாயைத் தலையில் மாட்டிக்கொண்டு எழுந்தார். சியாமளா டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ்ப் பத்திரிகையை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் மனிதர்கள் பேசுவதை அவளைப்போல் காது கொடுத்துக் கேட்கிறவர்களை ஜெயசீலன் பார்த்ததில்லை.

அவன் மனதில் அதற்குள் ஒரு கணக்கு ஓடிவிட்டது. அஷ்வத்துக்கு இந்த இரண்டு வருஷத்தில் ஏதோ வியாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது, வெளியில் சொல்லக் கூடாத வியாதி, ரத்தம் கொடுத்தால் தெரிந்துவிடும் என்று ஓடிவிட்டான் என்று அவன் சொன்னான். இருக்கலாம் என்றாள் சியாமளா. முதலில் அண்ணனைப் பார்த்துவிட்டு வருவோம் என்றாள்.

சுந்தரேஷ் கிட்வாய் நகர் வீட்டின் பின்புறம், வெயிலில் கட்டில் போட்டு, கழுத்தில் மப்ளர் சுற்றி உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயது. நிச்சயம் ஆகியிருந்த கல்யாணம் நோயால் நின்றுபோயிருந்தது. தம்பியைப் பற்றி அவன் ஒரு குறையும் சொல்லவில்லை. "அவனுக்குக் கஷ்டம். விட்டுடுங்கோ" என்று மட்டும் சொன்னான். உடம்பு எப்படி இருக்கிறது என்று சியாமளா கேட்டபோது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் ஒன்றைச் சொன்னான்.

"வேடிக்கை தெரியுமா? எனக்கு இப்ப ரத்த குரூப்பே மாறிடுத்து. முன்னாடி நானும் அஷ்வத்தும் ஓ. அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தப்போ ரெண்டு பேரும் குடுத்திருக்கோம். அம்மா பி. இப்ப நானும் பி. ஆபீஸ்ல புது ஐடென்டிடி கார்டு போட்டபோது அதைத்தான் போட்டிருக்கா."

சொல்லிவிட்டு அவன் சியாமளாவின் முகத்தையே பார்த்தான். அவள் தலையசைத்தாள். உள்ளே வைத்தி டீ போட்டுக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் அவள் தன் சிநேகிதி மேதாவுக்குப் போன் செய்தாள். மேதா வேறொரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் டாக்டர். ஆளின் பெயரைச் சொல்லாமல் பொதுவாகச் சில கேள்விகள் கேட்டு, பதில்களை ஜெயசீலனுக்கும் சொன்னாள். மஜ்ஜையை முதுகுத்தண்டிலிருந்து எடுப்பதில்லை. மயக்க மருந்து கொடுத்து, குப்புறப் படுக்கவைத்து, இடுப்பெலும்பின் பின்பக்கத்தில் பல தடவை குத்தி எடுப்பார்கள். இரவு ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்வார்கள். சில நாளைக்கு உட்காரவும் எழுந்திருக்கவும் படியிறங்கவும் வலிக்கும். மஜ்ஜை பிடித்துக்கொண்டால், அதற்குப் பிறகு ஊறுகிற ரத்தமெல்லாம் கொடுத்தவருடைய ரத்தம்தான். குரூப்பும் கொடுத்தவருடையதுதான்.

ஜெயசீலன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான். "அப்போ கொடுத்தது அஷ்வத் இல்ல மேடம். அவன் ஓ. இவரு பி ஆயிட்டாரு. கொடுத்தது அந்த அம்மாதான். ஜலஜா அம்மா. பெத்த மனசு, புருஷன்கிட்ட மறைச்சுட்டுக் கொடுத்திருக்காக. அவுக போயிட்டதால இப்பக் கொடுக்க ஆள் இல்ல. அதைச் சொல்ல முடியாம பய ஓடிட்டான்."

"நல்லா யோசிச்சீங்க" என்றாள் சியாமளா. "ஆனா பெத்தவங்க மஜ்ஜை பிள்ளைக்குப் பாதிதான் பொருந்தும்னு மேதா சொன்னாள். முழுசாப் பொருந்தக் கூடப் பிறந்தவங்க வேணும். இன்னொண்ணு, இறந்துபோனவங்க எப்ப வருவாங்கன்னு எந்த சிஸ்டரும் கேக்க மாட்டா. நீங்க நாளைக்கு லோதி ரோடு போயிட்டு வாங்க. அந்த ஆல்பர்ட் இப்ப எங்கே வேலை பார்க்கிறார்னு தெரியணும்."

மின்சாரக் கம்பெனி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், பாலசுப்ரமணியம் என்று பெயர், ஆல்பர்ட்டோடு ஒரே அறையில் வேலை பார்த்தவர். ஆல்பர்ட்டை மாற்றல் செய்து மத்தியப் பிரதேசத்தில் கோர்பா அனல் மின்நிலையத்துக்கு அனுப்பி ஒரு வருஷம் ஆகப்போகிறது என்றார். "இதே கேள்வியை இந்த மாசம் இன்னொரு பையனும் வந்து கேட்டான். கண்ணாடி போட்டவன். மச்சினன்னு சொன்னான். அக்கா இருக்கிற ஊர்கூடத் தெரியாம இருப்பானான்னு எனக்கே ஒரு மாதிரி இருந்தது" என்றார்.

ஜெயசீலன் ஓடிவந்து இதைச் சொன்னபோது சியாமளாவின் முகத்தில் வெற்றி எதுவும் தெரியவில்லை. அன்று சாயங்காலம் கோர்பா மின்நிலையக் குடியிருப்பின் விருந்தினர் விடுதிக்கு எஸ்.டி.டி. போட்டு, அஷ்வத்தைக் கூப்பிடச் சொன்னாள். அவன் அங்கேதான் இருந்தான். அவள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. நீ யாருக்கு என்ன சத்தியம் செய்து கொடுத்திருந்தாலும் அதை உடைக்க வேண்டாம், சொல்ல வேண்டியதை நான் சொல்கிறேன், நீ புறப்பட்டு வா என்று மட்டும் சொன்னாள். மறுமுனையில் அவன் அழுவது பக்கத்தில் நின்ற ஜெயசீலனுக்கே கேட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிட்வாய் நகர் வீட்டுக் கூடத்தில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அஷ்வத் கதவோரத்தில் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். வைத்தி அவனைத் திட்டத் தொடங்கினார். சியாமளா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மாமா, இவன் ஓடிப்போகலை. தேடிப்போயிருந்தான். இவனால இப்ப ரத்தம் கொடுக்க முடியாது, ஏன்னா அன்னிக்கு மஜ்ஜை கொடுத்தது இவன் இல்லை."

வைத்தி அஷ்வத் பக்கம் திரும்பினார்.

"அதை முதல்ல சொன்னது நீங்கதான். முதுகுத்தண்டுல ஊசி போட்டாங்கன்னு இவன் சொன்னதாச் சொன்னீங்க. மஜ்ஜை எடுக்கிறது இடுப்பெலும்புல. படுத்துக்கிட்டு அனுபவிச்சவனுக்கு அந்த இடம் மறக்காது. அன்னிக்கு சாயங்காலமே இவன் தரையில சம்மணம் போட்டு மேட்ச் பார்த்தான்னும் சொன்னீங்க. இடுப்புல அத்தனை குத்து வாங்கினவன் நாற்காலியிலயே நேரா உட்கார முடியாது. அப்புறம் ரத்த குரூப். இவனும் அண்ணாவும் ஓ. அண்ணா இப்ப பி. அப்ப கொடுத்தவங்க பி."

"ஜலஜா பி" என்றார் வைத்தி. "ஜலஜாவா?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றான் ஜெயசீலன் மெதுவாக.

"மாமி இல்லை. அந்த டேராடூன் சிஸ்டர் உங்ககிட்ட என்ன கேட்டாங்க? 'டோனர் கப் ஆயேகி.' இந்தியில ஆம்பளை வருவான்னா ஆயேகா. பொம்பளை வருவாள்னாதான் ஆயேகி. தமிழ்க்காரங்க நாம ரெண்டையும் மாத்தி மாத்திப் பேசறதால நம்ம காதுக்கு அது உறைக்காது. மலையாளி சிஸ்டரா இருந்திருந்தா நானும் விட்டிருப்பேன். ஆனா டேராடூன்காரங்க தாய்மொழியில தப்பு பண்ண மாட்டாங்க. கொடுத்தது ஒரு பொண்ணு, அது அவங்களுக்குத் தெரியும். எப்ப வருவாள்னு இப்பவும் கேட்கிறதால அந்தப் பொண்ணு உயிரோட இருக்கா. கூடப் பிறந்தவளா இருக்கணும்."

ஜெயசீலனுக்குக் காது சுட்டது. விமானப்படையில் தன் ஆபீசரையே ஆயேகி என்று சொல்லிச் சிரிப்பு வாங்கியவன் அவன். அந்த வார்த்தை அவன் முன்னால்தான் விழுந்தது, அவன் எழுதிக்கூட வைக்கவில்லை.

அடுத்ததைச் சொல்ல சியாமளாவுக்கு மனமில்லை என்பது தெரிந்தது.

"மறுநாள் ஆஸ்பத்திரிப் படியில ஒருத்தியைப் பார்த்தீங்க. சுவரைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா இறங்கினவளை. அவ அண்ணாவைப் பார்க்க வரலை மாமா. ராத்திரி அங்கேயே படுத்திருந்துட்டு வீட்டுக்குப் போயிட்டிருந்தா."

வைத்தி கைகளைத் தொடைமேல் வைத்து, அவை யாருடைய கைகளோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அஷ்வத் பேசினான். பொருத்தம் பார்த்தபோது அவன் மஜ்ஜை பொருந்தவில்லை. அப்பாவிடம் சொல்லாமல் அம்மா அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினாள். அக்காவுடையது முழுக்கப் பொருந்தியது. அப்பாவுக்குத் தெரிந்தால் வேண்டாம் என்று தடுத்துவிடுவார் என்று அம்மா பயந்தாள். முதலில் சுந்தரேஷ் பிழைக்கட்டும், பிறகு நல்ல வேளை பார்த்து நானே சொல்கிறேன், அதுவரை நீ கொடுத்ததாக இருக்கட்டும் என்று அவனிடம் சத்தியம் வாங்கினாள். அந்த நல்ல வேளை வரவேயில்லை. அம்மா போய்விட்டாள்.

"அம்மா போனதை அக்காகிட்டச் சொல்ல எனக்கு தைரியம் வரலை. அவ வந்தா, அப்பா எல்லார் எதிர்லயும் ஏதாவது சொல்லிடுவாரேன்னு. ஒரு மாசம் கழிச்சுச் சொன்னேன். அதோட அவ என்கிட்டயும் பேசறதை நிறுத்திட்டா. ஊர் மாறினதையும் சொல்லலை. இப்பத் தேடிண்டு போனேன். வர மாட்டேன்னு அவ சொல்லலை." அவன் அண்ணனைப் பார்த்தான். "யார் குடுத்தாங்கறது அண்ணாவுக்குத் தெரியணும். தெரிஞ்சு அவன் கேட்டா வரேன்னா. சத்தியத்தை வெச்சுண்டு நான் எப்படி உன்கிட்டச் சொல்றது? அங்கேயே உக்காந்து தினம் அவகிட்டக் கெஞ்சிண்டிருந்தேன்."

"எனக்குத் தெரியும்" என்றான் சுந்தரேஷ்.

எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். சியாமளா மட்டும் திரும்பவில்லை.

"கார்டுல பின்னு பாத்த அன்னிக்கே தெரிஞ்சுது. அஷ்வத் ஓ, சுபா பி. இதுல யோசிக்க என்ன இருக்கு? தெரிஞ்சதாக் காட்டிண்டா அப்பாகிட்டப் பேசணும். அவளைப் போய்ப் பாக்கணும். அவளை ஆத்தை விட்டுப் போகச் சொன்ன அன்னிக்கு நான் இதே கூடத்துலதான் இருந்தேன். டிவியைப் பாத்துண்டிருந்தேன். அவ என்னைத்தான் பாத்தா. நான் திரும்பலை." அவன் மப்ளரைச் சரிசெய்துகொண்டான். "இப்பவும் அப்படியே இருந்துட்டேன். யாராவது கண்டுபிடிச்சுச் சொல்லட்டும்னு இருந்தேன்."

அன்று ராத்திரியே அவன் கோர்பாவுக்குப் போன் போட்டான். பக்கத்து வீட்டுப் போன், யாரோ போய் சுபாஷிணியைக் கூப்பிட்டு வந்தார்கள். அவன் என்ன சொன்னான் என்று யாருக்கும் தெரியாது, வைத்தியே வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டார். வருகிறேன் என்று அவள் சொல்லிவிட்டாள். ஆனால் வைத்தி, நானே போய்க் கூட்டிக்கொண்டு வருவேன் என்று பிடிவாதமாகச் சொன்னார். தனியாக அனுப்பப் பயந்து சியாமளா ஜெயசீலனைத் துணைக்கு அனுப்பினாள்.

பிலாஸ்பூர் வரை ரயில். அங்கிருந்து சாம்பல் படிந்த சாலையில் ஜீப். வழியெல்லாம் வைத்தி தமக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். சொல்லப்போவதை ஒத்திகை பார்க்கிறார் என்று ஜெயசீலன் நினைத்தான். கதவைத் திறந்தவள், வைத்தியின் மூக்கும் நெற்றியும் அப்படியே இருந்த ஒரு பெண். அவளைப் பார்த்ததும் ஒத்திகை பார்த்ததெல்லாம் அவருக்கு மறந்துவிட்டது. "சுந்தரேஷுக்கு முடியலை. வா" என்றார்.

அவள் அவரை உள்ளே கூப்பிடவில்லை, போகவும் சொல்லவில்லை.

"அம்மா எப்படிப் போனா?" என்று கேட்டாள்.

வைத்தி அங்கேயே வாசல்படியில் உட்கார்ந்தார். அன்று காலை ஜலஜா எத்தனை மணிக்கு எழுந்தாள், காப்பி குடித்தாளா, நெஞ்சு வலிக்கிறது என்று எப்போது சொன்னாள், டாக்சியில் அவர் தோளில் எப்படிச் சாய்ந்துகொண்டாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். சுபாஷிணி நிலைப்படியில் சாய்ந்து நின்று கேட்டாள். நடுவில் ஆல்பர்ட் வந்து ஒரு டம்ளர் தண்ணீரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். பேசிக்கொண்டே வைத்தி அதை எடுத்துக் குடித்தார். தான் குடித்ததை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. ஜெயசீலன் ஜீப்புக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். அன்றைக்கு ஆஸ்பத்திரிப் படியில் மகளிடம் அவர் கேட்ட கேள்விக்கு மன்னிப்புக் கேட்டாரா என்று அவனுக்குத் தெரியாது. கேட்டிருப்பார் என்று நம்ப அவனுக்கு ஆசை.

டிசம்பர் நடுவில் சுபாஷிணியின் வெள்ளை அணுக்களை எடுத்து சுந்தரேஷுக்கு ஏற்றினார்கள். அவள் கிட்வாய் நகர் வீட்டிலேயே தங்கினாள். பழம் கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் ஜெயசீலன் அடிக்கடி போவான். அண்ணனும் தங்கையும் வெயிலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டோ, சின்ன வயதில் பள்ளிக்கூட பஸ்ஸில் வந்த யாரையோ பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டோ இருப்பார்கள். சுந்தரேஷுக்குக் கொஞ்சம் பசி எடுத்தது. நிறம் திரும்பியது. எல்லாம் சரியாகிவிடும் என்று ஜெயசீலன் சியாமளாவிடம் சொன்னான். அவள் மேதாவிடம் பேசியிருந்தாள். பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

ஜனவரி கடைசியில் நோய் வேகமெடுத்தது. செப்டம்பரில் மெதுவாக இருந்தது, இடையில் குணம் மாறிவிட்டது, இப்போது இந்த அணுக்கள் அதைப் பிடித்து நிறுத்தப் போதவில்லை என்றார் டாக்டர். இன்னொரு தடவை ஏற்றினார்கள். சுபாஷிணி கேட்டபோதெல்லாம் கையை நீட்டினாள். ஹோலி முடிந்த வாரத்தில் சுந்தரேஷ் இறந்துபோனான்.

ஜெயசீலன் வெகுநாள் அந்தக் கேஸைப் பற்றிப் பேச்சு எடுக்கவில்லை. ஒரு நாள் சியாமளாவே எடுத்தாள். "அந்த ஆயேகிங்கிற வார்த்தையை அவர் சொன்ன நிமிஷமே எனக்குச் சந்தேகம் வந்தது. உறுதி பண்ணிக்கணும்னு நாலு இடம் அலைஞ்சேன். அன்னிக்கே கேட்டிருக்கலாம்" என்றாள். சில நாளில் என்ன ஆகிவிடும் மேடம், ரெண்டு வருஷமா அவங்க வீட்டிலேயே எல்லாரும் மறைச்சு வெச்சிருந்தாங்களே என்று அவன் சமாதானம் சொன்னான். அவள் அதை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

காரியங்கள் முடிந்து சுபாஷிணி ஊருக்குப் புறப்பட்ட அன்று நிஜாமுதீன் ஸ்டேஷனுக்கு ஜெயசீலனும் போனான். வைத்தி ஒரு பையில் ஊறுகாயும் ஜலஜாவின் இரண்டு புடவைகளும் கொண்டுவந்திருந்தார். அவள் வாங்கிக்கொண்டாள். இத்தனை நாளும் அவள் அவருக்குச் சமைத்துப் போட்டாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் அப்பா என்று ஒரு தடவைகூடக் கூப்பிட்டு ஜெயசீலன் கேட்கவில்லை. ரயில் நகர்ந்தபோதும், உடம்பைப் பார்த்துக்கணும் என்று யாருக்கோ சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

ரயில் போன பிறகு வைத்தி பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டரைக் கேட்டேன்" என்றார். "செப்டம்பர்லயே ஏத்தியிருந்தா பிழைச்சிருப்பானான்னு. அதை இப்பச் சொல்ல முடியாதுன்னுட்டார். சொல்ல முடியாதுன்னா என்ன அர்த்தம் ஜெயசீலன்? தெரியாதுன்னு அர்த்தமா, தெரிஞ்சும் என்கிட்டச் சொல்ல மாட்டேன்னு அர்த்தமா?"

எதற்கும் உடனே ஒரு பதில் வைத்திருக்கிற ஜெயசீலன் அன்றைக்கு வெறுமனே அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். அடுத்த ரயில் வருவதாக அறிவிப்பு வந்தது. கூலிகள் எழுந்து ஓடினார்கள். கூட்டம் வந்து, கூட்டம் போயிற்று. பதில் வராது என்று தெரிந்த பிறகும் அவர் கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.